கூட்டத்தின் மேல் பழி போடும் முன் இணைப்புகளைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, பண்டிகைக் காலப் பேருந்து முன்பதிவு என்று ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் வந்து சேரும் இணையச் சேவைகள், திறந்த சில நிமிடங்களிலேயே நின்றுபோவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வாசகர் கடிதங்கள் சில வெளியாயின. அவற்றில் பெரும்பாலானவை 'இன்னும் பெரிய சர்வர் வாங்க வேண்டும்' என்ற ஒரே தீர்வையே சொல்லியிருந்தன. இத்தகைய செயலிகள் தம் தகவல்களைச் சேமித்துவைத்து எடுக்கும் தரவுத்தளப் பகுதியைப் பராமரிக்கும் வேலையில் பெங்களூருவில் பல ஆண்டுகளாக இருப்பவன் நான். அந்தத் தீர்வு பல நேரங்களில் பயன் தராது என்பதையும், சில நேரங்களில் நிலைமையை இன்னும் மோசமாக்கிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் மான்யதாவிலும் இந்தத் துறையில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள் பலர் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள்; இத்தகைய சேவைகளுக்குச் செலவை அனுமதிக்கும் அதிகாரிகளும் படிக்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

ஒரு வலைச் செயலி தன் தரவுத்தளத்திடம் எதைக் கேட்பதானாலும் ஓர் இணைப்பின் வழியாகத்தான் கேட்க முடியும். அந்த இணைப்பைப் புதிதாகத் திறப்பது மலிவான வேலை அன்று. பிணையத்தில் இரு கணினிகளுக்கும் இடையே டிசிபி என்ற முறைப்படி இணைப்பு அமைய வேண்டும், மறையாக்கம் பற்றிய உடன்பாடு முடிய வேண்டும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமாக இருந்தால், ஒவ்வோர் இணைப்புக்கும் இயங்குதளம் தனியாக ஒரு புராசஸையே (தனக்கென நினைவகத்தோடு இயங்கும் நிரலை) தொடங்கித் தர வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற மற்றொரு தரவுத்தளம் அதே வேலையை, ஒரே புராசஸுக்குள் ஓடும் இலகுவான இழையான ஒரு திரெட்டை வைத்துச் செய்துகொள்கிறது. இந்தச் செலவை ஒவ்வொரு முறையும் செய்யாமலிருக்கத்தான், சில இணைப்புகளை முன்கூட்டியே திறந்து வைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் திருப்பி வைக்கும் கனெக்ஷன் பூல் என்ற ஏற்பாடு வந்தது. பூல் இல்லாமல், வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய இணைப்பைத் திறந்து மூடும் செயலிகளை இன்றும் பார்க்கிறேன். வெளியே செல்லும் ஒவ்வோர் இணைப்புக்கும் போர்ட் என்ற வாசல் எண் ஒன்று வேண்டும்; லினக்ஸ் இயங்குதளத்தில் அதற்கு இயல்பாக ஒதுக்கப்பட்ட எண்கள் 32768 முதல் 60999 வரைதான். மூடிய இணைப்பின் போர்ட் 60 நொடி காத்திருப்பு நிலையில் கிடக்கும். ஆகவே ஒரு கணினியிலிருந்து ஒரே தரவுத்தளத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 470 புதிய இணைப்புகளுக்கு மேல் தொடர்ந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் போர்ட்டே கிடைக்காமல் போகும். அப்போது தரவுத்தளம் எந்தக் குறையும் இல்லாமல் இயங்கிக்கொண்டிருக்கும். செயலி மட்டும் இணைப்பு கிடைக்கவில்லை என்று பிழை காட்டும்.

பூல் வைத்திருப்பவர்களும் கணக்கு ஒன்றைத் தவற விடுகிறார்கள். போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளை மட்டுமே அனுமதிக்கிறது. அவற்றிலும் 3 நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டவை. மைஎஸ்க்யூஎல்லின் இயல்பு வரம்பு 151. ஜாவா உலகில் பரவலாகப் பயன்படும் ஹிகாரி பூலின் இயல்பு அளவு 10. பைத்தானில் எஸ்க்யூஎல்ஆல்கெமி 5 இணைப்புகளை நிலையாக வைத்துக்கொண்டு, நெருக்கடியில் மேலும் 10 வரை திறக்கும். பத்து என்பது சிறிய எண்ணாகத்தான் தெரிகிறது. ஆனால் பூல் என்பது ஒவ்வொரு புராசஸுக்கும் தனித்தனி. 8 சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 4 புராசஸ்கள், ஒவ்வொன்றிலும் 10 இணைப்புகள் என்றால் மொத்தம் 320. வரம்போ 100. கூட்டம் குறைவாக இருக்கும் நாள்களில் பூல் முழுமையாக நிரம்பாத அமைப்பாக இருந்தால் இந்த முரண்பாடு வெளியே தெரியாது. கூட்டம் வந்ததும் தானாகவே சர்வர் எண்ணிக்கையைக் கூட்டும் ஏற்பாடு விழித்துக்கொண்டு 8-ஐ 16 ஆக்கும். அந்தப் புதிய சர்வர்கள் எழுந்தவுடன் செய்யும் முதல் வேலை தரவுத்தளத்திடம் மேலும் இணைப்புகள் கேட்பதுதான். உதவிக்கு வந்தவை நெருக்கடியை இரட்டிப்பாக்கிவிடும். புதிய பதிப்பை நிறுவும்போது பழையதும் புதியதும் சிறிது நேரம் ஒருசேர இயங்குமே, அப்போதும் இதே கதைதான். பெரிய சர்வர் வாங்கினால் போதும் என்போர் முதலில் இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து, பிழைச்செய்தியை வரி விடாமல் படிக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அவசரத்தில் எல்லோரும் தவிர்ப்பது இதைத்தான். 'தரவுத்தள இணைப்புப் பிழை' என்று திரையில் ஒரே வாசகமாகத் தெரிவது, உள்ளே பதிவுக் கோப்பில் வெவ்வேறு நோய்களாகப் பிரிந்து நிற்கும். 'சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி' என்றோ, 1040 என்ற எண்ணுடன் 'டூ மெனி கனெக்ஷன்ஸ்' என்றோ வந்தால், தரவுத்தளமே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். 'கனெக்ஷன் இஸ் நாட் அவைலபிள்' என்று தொடங்கி 30000 மில்லிநொடி காத்திருந்து கைவிட்டதாகச் சொன்னால், கோரிக்கை தரவுத்தளம் வரை போகவே இல்லை. செயலியின் சொந்தப் பூலில் இணைப்பு காலியாகாமல் அங்கேயே நின்றுவிட்டது. இந்த இரண்டாவது நோய்க்குத் தரவுத்தளத்தின் வரம்பை ஆயிரமாக உயர்த்தினாலும் ஒரு பயனும் இல்லை. இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே பதில் வருவதும், பதிலே வராமல் காலம் கடந்து அறுவதும் வேறு வேறு: முந்தையதில் அந்த முகவரியில் தரவுத்தளம் கேட்டுக்கொண்டிருக்கவே இல்லை, பிந்தையதில் இடையில் தீயரண் (ஃபயர்வால்) மறிக்கிறதா, வரிசை நிரம்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் வரும் 2006 என்ற பிழை பெரும்பாலும் நெடுநேரம் சும்மா கிடந்த இணைப்பு அறுந்ததால் வருவது. கூட்டத்தோடு அதற்குத் தொடர்பு குறைவு.

எந்த நோய் என்று தெரிந்தபின் தரவுத்தளத்தின் உள்ளே பார்க்க வேண்டும். நான் அருகிலிருந்து பார்த்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். பெங்களூருவிலிருந்து சேலம், மதுரை, திருநெல்வேலி என்று தமிழ்நாட்டு ஊர்களுக்குப் பேருந்து இருக்கைகளை விற்கும் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். தீபாவளிக்கான முன்பதிவு திறந்த மாலையில், மடிவாளாவிலும் பொம்மனஹள்ளியிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் எல்லோரும் கைப்பேசியும் கையுமாக இருந்த நேரத்தில், அந்தத் தளம் இணைப்புப் பிழை காட்டத் தொடங்கியது. சர்வரை இரு மடங்கு பெரிதாக்கும் உத்தரவு அதற்குள் போய்விட்டது. பெரிதாக்கியும் பிழை நிற்கவில்லை. தரவுத்தளத்தின் பிராசஸர் பயன்பாட்டைப் பார்த்தால், அது பெரும்பகுதி ஓய்வாகவே இருந்தது. இணைப்புகளோ ஒன்றுகூட மிச்சமில்லை. போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்றொரு பார்வை உண்டு. ஒவ்வோர் இணைப்பும் இந்த நொடியில் என்ன செய்கிறது என்பதை வரிசையாகக் காட்டும். அதைத் திறந்தபோது, நிலை என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்றே இருந்தது. அதாவது தரவுத்தளப் பரிவர்த்தனை ஒன்றை (முழுவதும் நிறைவேற வேண்டிய, அல்லது முழுவதும் கைவிட வேண்டிய கட்டளைத் தொகுப்பை) தொடங்கிவிட்டு, அதை முடிக்காமலும் அடுத்த கட்டளை எதையும் அனுப்பாமலும், செயலி அந்த இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ காத்திருக்கிறது. கடைசியாக ஓடிய கட்டளை எதுவென்று காட்டும் பத்தியில், ஓர் இருக்கைக்கான பதிவு வரியை வேறெவரும் மாற்றாதபடி பூட்டி எடுக்கும் கட்டளையே திரும்பத் திரும்ப நின்றது. நிலை மாறிய நேரத்தைக் கணக்கிட்டால் சில வரிகளில் நான்கு நொடி, சிலவற்றில் ஏழு, சிலவற்றில் பத்துக்கும் மேல். எஞ்சிய சில இணைப்புகள், அந்தப் பூட்டு எப்போது விடுபடும் என்று காத்துக்கிடந்தன.

நிரலைத் திறந்து பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது. இருக்கையைப் பூட்டு, பணம் செலுத்தும் நிறுவனத்தின் சேவையை அழை, அதன் பதில் வரும்வரை காத்திரு, பதில் வந்ததும் பயணச்சீட்டை எழுது, பரிவர்த்தனையை முடி என்று எல்லாமே ஒரே பரிவர்த்தனைக்குள் எழுதப்பட்டிருந்தது. அன்று மாலை பணம் செலுத்தும் சேவை மெதுவாகியிருந்தது. அந்த மெதுவான ஒவ்வொரு நொடியிலும் தரவுத்தள இணைப்பு ஒன்று வேலையின்றிப் பிடிபட்டிருந்தது.

இதைக் கணக்காகவே சொல்லலாம். பின்னாளில் எம்ஐடி பேராசிரியரான ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய ஒரு விதி உண்டு: ஓர் அமைப்புக்குள் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, நொடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார் என்பதையும் பெருக்கினால் வரும். நொடிக்கு 50 முன்பதிவுக் கோரிக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் இணைப்பை 40 மில்லிநொடி பிடித்திருந்தால் தேவைப்படுபவை சராசரியாக 2 இணைப்புகள்தான். பணம் செலுத்தும் அழைப்பையும் உள்ளே வைத்ததால் அது 1.2 நொடியானால் 60 இணைப்புகள். அந்தச் சேவை மெதுவாகி 6 நொடியானால் 300. வந்த கூட்டம் மூன்று கணக்கிலும் ஒன்றே. கல்யாண மண்டபத்துப் பந்தியில் சாப்பிட்டு முடித்தவர்கள் எழாமல் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தால், எத்தனை நாற்காலி போட்டாலும் வெளியே நிற்பவர்களுக்கு இடம் கிடைக்காது. ஆகவே 'எத்தனை இணைப்புகள் வேண்டும்' என்று கேட்பதற்கு முன் 'ஓர் இணைப்பை எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறோம்' என்று அளக்க வேண்டும். ஹிகாரி போன்ற பூல்கள் இந்த நேரத்தை அளந்து வெளியிடும் வசதியைத் தருகின்றன; அதை வரைபடமாக்கி அன்றாடம் பார்க்கும் நிறுவனங்கள் நான் பார்த்தவரையில் மிகச் சில.

அங்கே செய்யப்பட்ட திருத்தம் பெரிய வேலையன்று. முதல் சிறு பரிவர்த்தனையில், இருக்கை இன்ன பயணிக்காக இன்ன நேரம் வரை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்றும், பணம் எதிர்பார்க்கப்படுகிறது என்றும் எழுதி முடித்து, இணைப்பைப் பூலுக்குத் திருப்பிவிட வேண்டும். அதன்பிறகே பணம் செலுத்தும் சேவையை அழைக்க வேண்டும். பதில் வந்ததும் இரண்டாவது சிறு பரிவர்த்தனையில் அதை உறுதி செய்ய வேண்டும். நிறுத்திவைத்த நேரம் கடந்தும் பணம் வராவிட்டால் இருக்கை தானாகவே பிறருக்குத் திறக்கும். சர்வரைப் பழைய அளவுக்கே இறக்கிய பிறகும் பொங்கலுக்கான முன்பதிவு தடையின்றி நடந்தது.

வரம்பை உயர்த்துவதால் கேடு ஏன் விளையும் என்பதையும் சொல்ல வேண்டும். தரவுத்தளக் கணினியில் இருக்கும் பிராசஸர் கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) ஒரு நேரத்தில் தம் எண்ணிக்கை அளவுக்கே வேலை செய்ய முடியும். 8 கோர்கள் உள்ள கணினியிடம் 500 இணைப்புகள் ஒரே சமயத்தில் வேலை கேட்டால், அது ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவுவதிலேயே நேரத்தைச் செலவிடும். பூட்டுப் போட்டி கூடும். ஒவ்வொரு கட்டளையும் தனக்கென நினைவகம் கேட்கும். போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசைப்படுத்தலுக்கு இயல்பாக 4 எம்பி வரை ஒதுக்கப்படும், அதுவும் ஒரே கட்டளையில் பலமுறை நேரலாம். நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் தரவுத்தளப் புராசஸையே கொன்றுவிடக்கூடும். அப்போது பிழை சிலருக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் வரும். ஹிகாரி ஆவணத்தில் ஒரு தொடக்கக் கணக்கு உண்டு: கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்பது. அதன்படி 8 கோர் கணினிக்கு இருபதுக்கும் குறைவான இணைப்புகளே போதும். இதை முதன்முதலாகக் கேட்பவர் எவரும் நம்புவதில்லை. சோதித்துப் பார்த்தபின் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். செயலிப் பக்கம் புராசஸ்கள் மிகுந்திருந்தால், நடுவே போஸ்ட்கிரெஸுக்கான பிஜிபவுன்சர் போன்ற இடைநிலை மென்பொருள் ஒன்றை வைத்து, ஆயிரக்கணக்கான செயலி இணைப்புகளைச் சில பத்து தரவுத்தள இணைப்புகளாகச் சுருக்கலாம். பரிவர்த்தனை முடிந்தவுடன் இணைப்பை அடுத்தவருக்குத் தரும் முறையில் அதை இயக்கினால், ஓர் இணைப்பு தொடர்ந்து தன்னிடமே இருக்கும் என்று நம்பி எழுதிய அமைப்புகளும் பூட்டுகளும் உடையும் என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை தயாரித்து மீண்டும் மீண்டும் ஓட்டும் கட்டளைகளுக்கு இருந்த இதே தடை, பிஜிபவுன்சரின் 2023-ல் வந்த 1.21 பதிப்பில் பெருமளவு நீங்கியது.

பெரிய கணினி வேண்டியிருக்கும் சூழலே இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டளைகளுக்கு உரிய இன்டெக்ஸ்கள் (தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற குறிப்புகள்) சரியாக இருந்து, இணைப்புகள் எல்லாம் உண்மையிலேயே உழைத்துக்கொண்டிருந்து, பிராசஸரும் நிரம்பி வழிந்தால், அப்போது வாங்கத்தான் வேண்டும். அந்த நிலையை அளந்து காட்டிய பிறகு வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இணைப்புக் கசிவு என்பது வேறொரு வகை. இயல்பான வழியில் இணைப்பைத் திருப்பித் தரும் நிரல், நடுவில் ஒரு பிழை நேர்ந்தால் திருப்பித் தர மறந்துவிடும். கூட்டத்தால் வரும் நெருக்கடி கூட்டம் ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கும். கசிவு ஏறிக்கொண்டே போகும், நள்ளிரவிலும் இறங்காது, செயலியை மறுதொடக்கம் செய்தால் மட்டும் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். இவ்வளவு நேரத்துக்கு மேல் திரும்பாத இணைப்பை எந்த வரி எடுத்தது என்று சொல்லும் வசதி ஹிகாரியில் இருக்கிறது. ஆனால் இயல்பாக அணைக்கப்பட்டே இருக்கும். இன்னொன்று, ஒரே கோரிக்கை ஓர் இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதே பூலில் இரண்டாவது இணைப்பையும் கேட்பது. பத்து இணைப்புகளே உள்ள பூலுக்குப் பத்துக் கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்து ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டால், இரண்டாவது யாருக்கும் கிடைக்காது. காத்திருப்பு நேரம் தீரும்வரை எல்லோரும் அப்படியே நிற்பார்கள். ஒருவர் மட்டும் சோதித்துப் பார்க்கும்போது இந்தப் பிழை ஒருபோதும் வெளிப்படாது.

நெருக்கடி தொடங்கியபின் அதைத் தானே பெருக்கிக்கொள்ளும் வழிகளும் அமைப்புக்குள்ளேயே இருக்கின்றன. பக்கம் வராவிட்டால் மக்கள் மறுபடி அழுத்துவார்கள். அதில் தவறே இல்லை. ஆனால் முதல் கோரிக்கையை விட்டுவிட்டுப் போனவருக்காகவும் செயலி உள்ளே இணைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். ஒருவர் நான்கு முறை அழுத்தினால் நான்கு இணைப்புகள் வீணாகும். பூலில் காத்திருக்க 30 நொடி என்ற இயல்பு அமைப்பு, கைப்பேசியை வைத்துக்கொண்டிருக்கும் எந்த மனிதரின் பொறுமையையும் விட நீண்டது. அதை இரண்டு மூன்று நொடிகளாகக் குறைத்து, இடமில்லை என்பதை உடனே சொல்லி, வரிசையில் நிற்க வைக்கும் பக்கத்தைக் காட்டுவதே மக்களுக்குச் செய்யும் மரியாதை. செயலியே மறுமுயற்சி செய்வதானால், ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கி, அதில் சிறிது தற்செயல் வேறுபாட்டையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாச் சர்வர்களும் ஒரே நொடியில் மீண்டும் மோதும். இதைவிடக் கொடியது, 'செயலி உயிரோடு இருக்கிறதா' என்று பார்க்கும் சோதனையைத் தரவுத்தளத்தோடு இணைத்துவிடுவது. இணைப்பு கிடைக்காத காரணத்தால் அந்தச் சோதனை தோற்கும். செயலிகளை இயக்கி மேற்பார்க்கும் குபர்னெட்டிஸ் மென்பொருள் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்று மறுதொடக்கம் செய்யும். எழுந்தவை எல்லாம் புதிய இணைப்புகள் கேட்டு மறுபடி முட்டும். கேட்டால் கூட்டத்தால் விழுந்தது என்பார்கள். உண்மையில் அமைப்பு தன்னையே அடித்து வீழ்த்திக்கொண்டிருக்கிறது.

இவையெல்லாம் பொறியாளர்களின் கவலை என்று ஒதுக்க முடியாமல் என்னை எழுத வைத்தது, சிவாஜிநகரிலும் அல்சூரிலும் உள்ள இணைய மையங்களில் சேர்க்கைக் காலத்தில் காணும் காட்சி. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெற்றோர், அரைநாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து கழிந்துவிடும். விண்ணப்ப எண் வராது. மறுபடியும் கட்டலாமா, கூடாதா என்று மையத்துப் பையனைக் கேட்பார்கள், அவனுக்கும் தெரியாது. உள்ளே நடந்தது இதுதான்: பணம் வந்துவிட்டது என்று பணம் செலுத்தும் நிறுவனம் சொன்ன நொடியில், அதை எழுதிவைக்கச் செயலிக்கு ஓர் இணைப்பு கிடைக்கவில்லை. பணம் கேட்பதற்கு முன்பே விண்ணப்பத்தை ஓர் எண்ணோடு எழுதிவைத்து, அந்த எண்ணையே பணம் செலுத்தும் நிறுவனத்துக்கும் அனுப்பி, ஒரே எண்ணுக்கு இரண்டாம் முறை பணம் எடுக்காதபடி செய்து, விடுபட்டவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே கேட்டுச் சரிசெய்யும் நிரலையும் வைத்தால், இந்தத் தவிப்புக்கு இடமே இல்லை. யுபிஐ மூலம் வணிகருக்குச் செலுத்திய பணம் கணக்கிலிருந்து கழிந்தும் வணிகர் பக்கம் உறுதி வந்து சேரவில்லை என்றால், 5 நாள்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஆணையிட்டிருக்கிறது. அந்த ஆணை இருப்பதே அந்த மையங்களில் உள்ளவர்களுக்குத் தெரியாது. தங்கள் நாளிதழ் அதை ஒரு பெட்டிச் செய்தியாகவேனும் வெளியிடலாம். ஆனால் பணம் திரும்பி வருவதற்குள் விண்ணப்பத்தின் கடைசி நாள் போய்விட்டால், திரும்பிய பணத்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன பயன்?

தேர்வு முடிவுகளைப் பொறுத்தவரை என் கருத்து இன்னும் கடுமையானது. வெளியான நொடிக்குப் பிறகு மாறாத ஒன்றைக் காட்ட, ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைத் தொடவே வேண்டியதில்லை. முடிவுகளை முந்தைய இரவே ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் ஒரு சிறு கோப்பாகத் தயாரித்து, பாதுகாப்பாகப் பூட்டி வைத்திருந்து, குறித்த நேரத்தில் திறந்துவிட்டால், லட்சக்கணக்கானோர் ஒரே நிமிடத்தில் வந்தாலும் கோப்புகளின் நகல்களைப் பல இடங்களில் வைத்து வழங்கும் சிடிஎன் சேவைகளே அதைத் தாங்கிவிடும். பிறந்த தேதியைச் சரிபார்க்க வேண்டுமென்றால், பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் ஒரு மறைச்சாவியோடு சேர்த்துச் சுருக்கிய குறியைக் கோப்பின் பெயராக வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் சரியாகத் தந்தவருக்கே சர்வர் அந்தப் பெயரைக் கணக்கிட்டுக் கொடுக்கும், அதற்கும் தரவுத்தளம் தேவையில்லை. இதைச் செய்யாமல் இணைப்பு வரம்பை உயர்த்திக்கொண்டே போவது வரிப்பணத்தை வீணாக்குவது.

நெருக்கடி நேரத்தில் உள்ளே நுழைந்து பார்க்க ஒரு வழியை விட்டுவைப்பதும் முக்கியம். போஸ்ட்கிரெஸ் ஒதுக்கும் அந்த 3 இணைப்புகளும், மைஎஸ்க்யூஎல் வரம்புக்கு மேல் தரும் ஒன்றும் நிர்வாகி உரிமை உள்ள பயனருக்கு மட்டுமே. செயலியையே நிர்வாகிப் பயனராக இயக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அங்கே செயலி அந்த இடங்களையும் தின்றுவிடும், பொறியாளர் வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டியதுதான். அதேபோல் 2016-ல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 9.6 முதல், பரிவர்த்தனையைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும் இணைப்பைக் குறித்த நேரத்தில் அறுத்துவிடும் அமைப்பு ஒன்று உண்டு. இயல்பாக அது அணைந்திருக்கும். நான் மேலே சொன்ன பேருந்து நிறுவனத்தில் அது இயங்கியிருந்தால், நோயின் பெயர் பதிவுக் கோப்பில் முதல் சில நொடிகளிலேயே எழுதப்பட்டிருக்கும்.

இறுதியாக, இத்தகைய சேவைகளுக்கு ஒப்பந்தம் தரும் துறைகளுக்கும் கல்வி நிலையங்களுக்கும் ஒரு கோரிக்கை. 'இத்தனை ஆயிரம் பேரைத் தாங்கும்' என்ற ஒரு வரிச் சான்றிதழை ஏற்றுக்கொள்ளாதீர்கள். சுமைச் சோதனையை ஜேமீட்டரிலோ கே6-லோ லோகஸ்டிலோ எதில் வேண்டுமானாலும் செய்யட்டும். ஆனால் முன்னவருக்குப் பதில் வந்தபிறகே அடுத்தவர் வருவதுபோல் அமைத்த சோதனை உண்மைக் கூட்டத்தைக் காட்டாது. பதில் வந்தாலும் வராவிட்டாலும் நொடிக்கு இத்தனை பேர் வந்துகொண்டே இருப்பதுபோல் அமைக்கச் சொல்லுங்கள். உண்மை அளவிலான தரவோடு சோதிக்கச் சொல்லுங்கள். நூறு வரிகள் உள்ள அட்டவணையில் இன்டெக்ஸ் இல்லாத குறை தெரியாது. பணம் செலுத்தும் சேவையையும் குறுஞ்செய்திச் சேவையையும் வேண்டுமென்றே ஆறு நொடி தாமதப்படுத்தி, அப்போது பூலில் எத்தனை இணைப்புகள் எஞ்சுகின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பிடிபட்டிருக்கிறது, தாமதம் நீங்கியபின் அமைப்பு எவர் கையும் படாமல் எத்தனை நிமிடத்தில் தானாகவே மீள்கிறது என்ற மூன்றையும் அறிக்கையில் கேட்டு வாங்குங்கள். அந்த அறிக்கை வந்த பிறகு, சேவை திறக்கும் தேதியை அறிவிக்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகன்,
அல்சூர், பெங்களூரு.